வரைபடத்தில் விட்ட இடம்

“அந்த மேட்டுல ஒரு செடிகூட நடக்கூடாது. போட்டு வச்சிருக்கிற சுண்ணாம்பு வட்டத்தையெல்லாம் இன்னைக்கே அழிச்சாகணும்” என்றாள் தமிழரசி.

இன்னும் உட்காரக்கூட இல்லை. கதவைத் திறந்துவிட்ட சரசா, இவள் செருப்பைக் கழற்றும்போதே காதருகே குனிந்து சொல்லியிருந்தாள்: மரம் நடப் பணம் கொடுக்கும் ஹிஞ்சேவாடி கம்பெனியிலிருந்து தீப்தி வந்திருக்கிறாள், எதை வேண்டுமானாலும் பேசு, நடுவது வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. அதைச் சொல்வதற்கென்றே புனேயின் மறுகோடி தாபோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஹடப்சருக்கு வந்தவளிடம் சொன்ன புத்தி அது.

சரசாவின் கணவர் ஸ்வாமிநாதன் இட்லியைச் சட்னியில் தோய்த்த கையை அப்படியே நிறுத்தினார். ராம்கி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். சுற்றி உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பச்சை டி-ஷர்ட்டுகளும் மெல்லுவதை விட்டன. தீப்தி மட்டும், யாரோ காபி வேண்டுமா என்று கேட்டதுபோல் சிரித்த முகமாகவே இருந்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் ‘ஞாயிறு இயற்கை வட்டம்’. மற்ற ஆறு நாளும் இயற்கை தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பாங்க்கில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஸ்வாமிநாதன், பொழுது போகாமல் தொடங்கியது. டி-ஷர்ட்டின் முதுகில் ஓநாய் படம். அது இந்த ஊர் ஓநாயே இல்லை. பனியில் நின்று ஊளையிடும் ஏதோ வெளிநாட்டு ஜந்து, கழுத்தைச் சுற்றிக் கம்பளி மாதிரி முடி. புனேயைச் சுற்றியுள்ள புல்வெளியில் அலையும் ஓநாய், பட்டினி கிடந்த தெருநாய்க்குக் கால் மட்டும் நீண்டுவிட்ட மாதிரி இருக்கும். சேர்ந்த முதல் வாரமே தமிழரசி இதைச் சொன்னாள். அருமையான அப்ஸர்வேஷன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த வருஷமும் அதே படத்தைப் போட்டுத்தான் டி-ஷர்ட் அடித்தார்கள்.

அவளுக்கு வட்டத்தில் ஒரு பட்டம் உண்டு. புதிதாக யாராவது வந்தால் ராம்கியை டெக்கி என்பார்கள், இன்னொருவரை டாக்டர் என்பார்கள், தமிழரசியை மட்டும் “நம்ம ஃபீல்டு பொண்ணு” என்பார்கள். விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள் அந்த ஹாலில் அவள் ஒருத்திதான். அப்பா கந்தசாமி தாபோடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவள். மாலையில் பத்தாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, வாரத்தில் மூன்று விடிகாலைகள் முதல் பஸ்ஸைப் பிடித்து, சாஸ்வட் சாலையில் இறங்கி, ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமான அந்த மேட்டில் இரண்டு வருஷம் நடந்தாள். எங்கே எந்தப் புல், எந்த மாதம் வானம்பாடி எங்கே முட்டையிடுகிறது, கல்கவுதாரி எந்தக் குட்டையில் தண்ணீர் குடிக்கிறது, நரி எந்த வழியாகப் போகிறது, கழுதைப்புலி எங்கே எலும்பை இழுத்துப் போட்டிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு மேப்பில் நிறம் நிறமாக ஏற்றினாள். வட்டம் அதை வாங்கித் தன் பெயரைக் கீழே போட்டுக்கொண்டது.

அந்த மேப்பில் ஓடையை ஒட்டி நாற்பது ஏக்கரை அவள் ஒன்றும் குறிக்காமல் விட்டிருந்தாள். மறந்துபோய் விட்டதில்லை. அது வட்டத்தின் கட்டளை.

அவள் சேர்ந்த புதிதில், ஒரு பழைய கல்குவாரிச் சுவரில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. ராம்கி படம் எடுத்துப் போட்டான், பின்னால் தெரிந்த மொபைல் டவரையும் சேர்த்து. டவரை அடையாளம் வைத்து மறு ஞாயிறே நாற்பது காமிரா வந்து இறங்கின. குஞ்சுகள் சரியாகத் தெரியவில்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் மறைத்துக்கொண்டிருந்த புதரை வெட்டினான். புதன்கிழமை வெயில் தாங்காமல் மூன்று குஞ்சும் செத்துக் கிடந்தன. வட்டம் கூடி இரண்டு நிமிஷம் மௌனம் அனுசரித்தது. ராம்கி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதே படத்துக்கு ஏதோ போட்டியில் இரண்டாம் பரிசு வந்தது; அதையும் போய் வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கு ஸ்வாமிநாதன் எழுந்து நின்று ஒரு விதி போட்டார். கூடோ பொந்தோ குகையோ, குட்டி இருக்கிற இடத்தை மேப்பில் போடக் கூடாது, வாயால் சொல்லக் கூடாது, கேட்பது அவராகவே இருந்தாலும். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டியதோடு நிற்காமல் அதன்படி நடந்தவள் தமிழரசி ஒருத்திதான்.

ஓடைக் கரையில் ஒரு களாப் புதருக்குப் பின்னால் அந்தக் குகை இருக்கிறது. வருஷா வருஷம் குளிர் காலத்தில் அதே ஓநாய்தான் வந்து குட்டி போடுகிறது. இந்த முறை நான்கு. டிசம்பர் கடைசியில் பிறந்தவை, பிப்ரவரி நடுவில் வெளியே வந்து ஒன்றன் காதை ஒன்று கடித்துக்கொண்டு உருண்டன. முந்நூறு மீட்டர் தள்ளிக் கவிழ்ந்து படுத்து, கண்ணாடி கீறிப்போன பைனாகுலரில் அவள் பார்த்திருக்கிறாள். ஒரு படம் எடுத்ததில்லை. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை போனபோது மேட்டின் ஓடைப் பக்கம் முழுக்க வெள்ளை வட்டம். முப்பது நாற்பது அடிக்கு ஒன்று, சாலையிலிருந்து ஓடை வரைக்கும் சுண்ணாம்புத் தூளால் போட்டிருந்தார்கள். கடைசி வட்டத்துக்கும் குகை வாய்க்கும் நடுவே எண்ணிப் பார்த்தாள், பதினோரு எட்டு. சாலையோரம் மராத்தியில் ஒரு பலகை: இங்கே ஒரு காடு பிறக்கிறது. ஆயிரத்து இருநூறு மரக்கன்று, மார்ச் முதல் ஞாயிறு, கீழே கம்பெனி முத்திரை, வட்டத்தின் பெயர். ஜூனில் மழை வரும் ஊரில் மார்ச்சில் எவன் நடுவான்? கம்பெனியின் கணக்கு வருஷம் மார்ச்சோடு முடிகிறதே, அவன் நடுவான். வரும் வியாழக்கிழமை குழி தோண்ட ஜேசிபி வருகிறது என்று டீக்கடையில் சொன்னார்கள்.

அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு நின்ற, பலகையைப் படிக்கத் தெரியாத ஹிராபாய்க்கு அந்த வட்டங்கள் என்னவென்றே தெரியவில்லை. மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு ஏதோ அடையாளம் என்று நினைத்திருந்தாள். பேச்சோடு பேச்சாக, குட்டிகள் நான்கும் சுகமா என்று தமிழரசியையே கேட்டாள். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்துக் காத்த ரகசியம் அது. ஹிராபாய் சிரித்தாள். அவளுக்கு மட்டுமா, ஊரில் மந்தை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியுமாம். போன வருஷம் அந்த ஓநாய் இரண்டு குட்டியாடுகளைத் தூக்கிக்கொண்டு போனதாம். பின்னே ஏன் குகையில் புகை போட்டுக் குட்டிகளை ஒழிக்கவில்லை என்று கேட்டாள் தமிழரசி. ரோட்டில் கார் அடித்துப் போனது ஏழு, அதற்கு யார் வீட்டில் போய்ப் புகை போடுவது என்று கேட்டுவிட்டு ஹிராபாய் ஆட்டின் பின்னால் போய்விட்டாள்.

இவ்வளவையும் மனதில் அடக்கிக்கொண்டுதான் இந்த ஹாலில் வந்து நின்றாள்.

முதலில் வாயைத் திறந்தவன் ராம்கி. கோபமே இல்லை அவன் குரலில், கிளையண்ட்டிடம் பேசுகிற பொறுமை.

“தமிழரசி, இந்த ப்ளானே உன் மேப்பை வச்சுப் போட்டதுதான். பாரு.” லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். “எல்லா இடத்துலயும் நீ ஏதாவது போட்டிருக்கே. வானம்பாடி, கவுதாரி, நரி. இங்க மட்டும் ஒண்ணுமே இல்லை. காலி. அதான் இதை செலக்ட் பண்ணோம். உன் டேட்டாவுக்கு மரியாதை குடுத்துத்தான் பண்ணியிருக்கோம்.”

தமிழரசி குனிந்து அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து, கண்மூடித்தனமாக எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே விட்டது அவள் வரைந்த மேப்பு. நாற்பது காமிராவுக்குப் பயந்து அவள் விட்ட வெள்ளை இடத்துக்கு நேராக ஜேசிபி வருகிறது. இந்த ஆட்களை நம்பி ஒரு விதியைக் கடைப்பிடித்த தன்னைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது. அதை வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம்.

“காலி இல்ல. விட்டு வச்சிருக்கேன். எதுக்கு விடுவோம்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ரூல் போட்டது சார்தான்.”

ராம்கியின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது.

“குகையா? ஓநாயா? குட்டி போட்டிருக்கா?” அவன் கை தன்னையறியாமல் சோபாவுக்குப் பக்கத்தில் இருந்த காமிராப் பையைத் தொட்டது. “எத்தனை குட்டி? காலைல வெளிய வருமா, சாயங்காலமா?”

ஸ்வாமிநாதன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்று வருத்தப்பட்டார். சொல்லக் கூடாது என்று சொன்ன அதே வாய். பிறகு, குடியே முழுகிப்போய்விடவில்லை, இடத்தைச் சொன்னால் அதைச் சுற்றி இருபது மீட்டர் விட்டுவிட்டு நட்டுக்கொள்ளலாம் என்றார்.

தீப்திக்கு இப்போது முழுக்கப் புரிந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. “வுல்ஃப் இருக்குன்னா மேனேஜ்மென்ட் ரொம்ப ஹாப்பி ஆவாங்க. அங்க ஒரு போர்டு வைக்கலாம். அன்னைக்கு ஸ்டாஃப் ஃபேமிலியோட நானூறு பேர் வராங்க, கிட்ஸுக்குக் காட்டலாம், இல்லியா?” நல்ல பெண். கெட்ட எண்ணம் என்று ஒன்று அவளிடம் தேடினாலும் கிடைக்காது. அதுதான் தமிழரசிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புல்வெளி என்பது மரம் இல்லாமல் ஏங்கிக்கொண்டிருக்கும் இடம் இல்லை என்று தமிழரசி சொல்லிப் பார்த்தாள். அங்கே ஓடி வளர்ந்த உயிர்களுக்கு அந்த வெட்டவெளிதான் வீடு. மரத்தை வைத்து அடைத்தால் வானம்பாடி முட்டையிடாது, கவுதாரி இறங்காது, ஓநாய் இருபது மீட்டர் வட்டத்துக்குள் உட்கார்ந்து பிள்ளை வளர்க்காது, ஜேசிபி சத்தம் கேட்ட அன்றைக்கே ஓடிவிடும், எட்டு வாரக் குட்டியால் அதோடு சேர்ந்து ஓட முடியாது. டி-ஷர்ட்டுகளில் ஒன்று, அப்படியென்றால் ஆக்ஸிஜனுக்கு எங்கே போவது என்று கேட்டது. கேட்டவர் தாம் குடியிருக்கும் சொசைட்டியில் கார் நிறுத்த இடம் பற்றாமல் இரண்டு வேப்பமரத்தை வெட்டக் கையெழுத்துப் போட்டவர். தேதியையாவது தள்ளி வையுங்கள், குட்டிகள் நடமாடட்டும் என்றாள். தீப்தி மெய்யாகவே வருத்தப்பட்டு, மார்ச் முப்பத்தொன்றைத் தாண்டினால் அது வேறு வருஷம் ஆகிவிடுமே என்றாள்.

ஸ்வாமிநாதன் அவள் முழங்கையைத் தொடாமல் தொட்டு பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒன்பதாவது மாடி. கீழே ஹடப்சர் டிராஃபிக் ஹாரனை அழுத்தியபடி நின்ற இடத்திலேயே நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“லெட்டர் டைப் பண்ணி ரெடியா மேஜைமேல இருக்கு. நாளன்னிக்குக் கடைசி நாள், ஞாபகம் இருக்கோல்லியோ? நீ இடத்தைச் சொல்லு, நான் கையெழுத்துப் போடறேன். ரெண்டு பேருக்கும் ஒரு நிமிஷ வேலை.”

அது கள ஆய்வாளர் வேலைக்கான சிபாரிசுக் கடிதம். இரண்டு வருஷம், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஓநாயைப் பார்க்கப் போகலாம். தேர்வுக் குழுவில் இருப்பவர் ஸ்வாமிநாதனோடு வாக்கிங் போகிறவர். போன மாதம் அந்தக் கடிதத்துக்காக அப்பா, இவளிடம் சொல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு இந்த வீட்டுக்கு வந்து நின்றபடியே பேசிவிட்டுப் போனார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியும். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

“குட்டி இருக்கிற இடத்தை நீங்க கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

“அதெல்லாம் வெளி மனுஷாளுக்கும்மா. நாம ஒரு குடும்பம் மாதிரி.”

சொன்னால் காமிரா, சொல்லாவிட்டால் ஜேசிபி. வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில் தூக்கமில்லாமல் புரண்டாயிற்று. ஆனால் இப்போது, அவர் குடும்பம் என்று சொன்ன மாத்திரத்தில், வேறொன்று பளிச்சென்று தெரிந்தது. இந்த ரகசியத்தை அவள் யாரிடமிருந்து காப்பாற்றுகிறாள்? மேய்ச்சல்காரர்களுக்குத் தெரியும், அவர்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆடு பறிகொடுத்தவளே குட்டிகளைச் சுகம் விசாரிக்கிறாள். தெரியாதவர்கள் இந்த ஹாலில் இட்லி தின்கிறவர்கள் மட்டும்தான். ஓநாயை அறிந்தவர்களுக்குச் சுண்ணாம்பு வட்டம் எதற்கென்று தெரியாது, வட்டம் போட்டவர்களுக்கு ஓநாயைத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் இங்கே நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே வந்து நேராகத் தீப்தியிடம் போனாள். வேலி உண்டா என்று கேட்டாள்.

தீப்திக்கு உற்சாகமாகிவிட்டது. ஸ்லைடைத் தேடி எடுத்தாள். ஆளுயரத்துக்கு மேல் கம்பி வலை, நாற்பது ஏக்கரையும் சுற்றி, ஆடு மாடு நுழையாமல் ஐந்து வருஷம், கேட்டுக்குப் பூட்டு, சாவி வட்டத்திடம். ஊரில் இதைச் சொல்லியாயிற்றா என்று கேட்டதற்கு ராம்கி, ஊர்த் தலைவர் சர்பஞ்ச்சிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறது, மற்றவர்களுக்கு நடவு அன்றைக்கு லட்டு கொடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். ஊர் கூடிப் பேசி ஒப்புக்கொள்ளாமல் ஒரு மேய்ச்சல் நிலத்தைச் சர்பஞ்ச் ஒருத்தர் கையெழுத்தால் பூட்டிவிட முடியாது என்பது இங்கே யாருக்கும் தெரியவில்லை. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் பத்திரம் பார்த்தவருக்குக்கூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள நேரம் இல்லை.

தமிழரசி போனை எடுத்து அந்த ஸ்லைடை நிதானமாகப் படம் பிடித்தாள். அடுத்ததையும் பிடித்தாள். திரையில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது என்று தீப்தி எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

“அப்புறம் லொகேஷன்?” என்றான் ராம்கி.

“மந்தைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். வருஷக்கணக்கா தெரியும். அவங்ககிட்டயும் போன் இருக்கு, காமிரா இருக்கு. ஒருத்தர்கூட ஒரு படம் போடல. போய்க் கேட்டுப் பாருங்க, உங்களுக்குச் சொல்றாங்களான்னு.”

பையைத் தோளில் மாட்டினாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று ஸ்வாமிநாதன் கேட்டார். குரலில் இருந்த வெல்லம் கரைந்துபோயிருந்தது.

“மந்தைக்காரங்க ஊருக்கு சார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கோயில் வாசல்ல எல்லாரும் இருப்பாங்க. அஞ்சு வருஷம் ஆட்டை எங்க மேய்ப்பீங்கன்னு கேக்கப் போறேன். நாளைக்குக் காலைல வனத்துறை ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன். வியாழக்கிழமை ஜேசிபி வந்தா அதுக்கு முன்னாடி மந்தை நிக்கும்.”

அப்படி ஊரைக் கிளப்பிவிட்டால் இந்த வட்டத்தில் மட்டுமில்லை, புனேயில் எந்த வட்டத்திலும் அவளை யாரும் சேர்க்கமாட்டார்கள் என்றார் அவர். கடிதத்தையும் மறந்துவிடலாம் என்றார். சரசா கையைப் பிசைந்துகொண்டு, அவசரப்படாதேடி, இட்லியாவது சாப்பிட்டுவிட்டு யோசி என்றாள். அவள் மட்டும் உண்மையாகவே பயந்துபோயிருந்தாள், யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

“யோசிச்சாச்சு ஆன்ட்டி” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள் தமிழரசி.

இன்று இரவு அப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு நாள் பேசமாட்டார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லிப்ட் எங்கேயோ கீழே நின்றது. காத்திருக்காமல் படியில் இறங்கினாள். எட்டாவது மாடியைத் தாண்டுவதற்குள் ஹிராபாய் மகனின் நம்பரைப் போட்டுவிட்டாள். மேலே கதவு திறந்தே இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அதையாவது சொல்லிவிட்டுப் போ என்று ராம்கி படிக்கட்டில் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவள் போனைக் காதில் வைத்து மராத்தியில், சாயங்காலம் எல்லோரையும் இருக்கச் சொல்லு, வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லியபடி இறங்கிப் போனாள்.